சுண்டெலிக்கு வந்த அடைப்பு

எந்த வீட்டில் தண்ணீர் இறங்காமல் நின்றாலும் முதலில் இந்தப் பிளம்பரைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு பேராக வந்து தரையை உடைத்துப் பார்க்கிற இடத்தில், இவன் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது வளைவுல நிக்குது" என்பான். சொன்ன இடத்தில்தான் நிற்கும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை இறக்கி வைக்க வெளியாள் யாரும் தேவைப்படவில்லை. பெற்ற பெண்ணே போதுமானவளாக இருந்தாள், அதுவும் இரண்டே முக்கால் வயதில்.

வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். கட்டிலுக்கு அடியில், துணிக்கூடைக்குள், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் என்று எங்கே சந்து கிடைத்தாலும் புகுந்துகொள்வதால் வந்த பெயர். சாயங்காலம் அப்பா வீடு திரும்பியதும் அவனுடைய கருவிப் பையை இரண்டு பேருமாகக் கவிழ்ப்பார்கள். அவள் ஸ்பேனர்களைப் பெரிது, சின்னது என்று தரையில் வரிசையாகப் படுக்க வைத்து, கரித்துணியால் போர்த்திவிடுவாள். வேறு யாராவது அந்த ஸ்பேனரைத் தொட்டால் பிளம்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சுண்டெலி அதைக் கடித்தாலும் பேசமாட்டான்.

அந்தச் சுண்டெலிக்கு வயிறு கட்டிக்கொண்டது. ஆரம்பம் என்னவோ சாதாரணக் காய்ச்சல்தான். ஒரு வாரம் சோறே வேண்டாம் என்று பாலை மட்டும் குடித்தாள். காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் கல்லு மாதிரி இறுகிப்போய் வந்தது. வலித்தது, துளி ரத்தமும் வந்தது. அன்றைக்கே அவள் தீர்மானம் போட்டுவிட்டாள், வலிக்கிற இந்தக் காரியத்தை இனிச் செய்வதில்லை என்று. பெரியவர்கள் போடும் தீர்மானம் மாதிரி நாலு நாளில் நீர்த்துப் போகிற தீர்மானம் இல்லை அது.

வயிறு முடுக்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கால் விரல் நுனியில் எக்கி நின்று, தொடைகளைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க மூச்சை அடக்குவாள். "பாவம், முக்கி முக்கிப் பாக்குது, வரமாட்டேங்குது" என்று பெற்றவர்கள் இருவரும் உச்சுக்கொட்டினார்கள். அவள் முக்கவில்லை, வந்ததை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் ஒரு பொடியைக் கொடுத்து, தினமும் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஜட்டியில் கறை. தண்ணீராக, நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. பகலில் அவளை விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் காப்பகத்து அக்கா கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "பேதி ஆகுது. நின்ன பிறகு கூட்டிட்டு வாங்க."

பிளம்பரின் மனைவிக்கு ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் வேலை. லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மருந்து கூடிப்போச்சு. நிறுத்திடு" என்றான் பிளம்பர்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமே, என்னங்க."

"இதுக்கெல்லாமா டாக்டரு? ஒழுகுறதுதான் கண்ணுக்குத் தெரியுதே. ஒழுகுறதைப் பத்தி எனக்கா தெரியாது?"

அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து அவன் பிற்பாடு எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை. மனைவியின் அக்கா போனிலேயே ஒத்து ஊதினாள், பாலும் ரொட்டியும் கொடு, நல்லா கட்டும் என்று. கொடுத்தார்கள். நன்றாகவே கட்டியது.

ஒரு வாரத்தில் குழந்தையின் வயிறு தட்டினால் சத்தம் வரும் போல உப்பிவிட்டது. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பிளம்பருக்குப் பொறுக்கவில்லை. மருந்துக் கடையில் தானாகவே கேட்டு வாங்கி வந்திருந்த, பின்புறத்தில் வைக்கிற மாத்திரையை எடுத்தான். "ரெண்டே நிமிஷம்டா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே பிடித்தான். துருப்பிடித்த நட்டைத் திருப்பிப் பழகிய கை. அந்தப் பிடியிலிருந்து பெரிய ஆளாலேயே திமிற முடியாது. சுண்டெலி அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கடைசியில் கொட்டைப்பாக்களவு ஏதோ வந்தது, அதோடு ஒரு நூல் ரத்தமும் வந்தது. வயிறு அப்படியேதான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் வரவில்லை.

அவன் உள்ளே நுழைந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனாள். கருவிப் பை வாசலோரம் கவிழ்க்க ஆளில்லாமல் கிடந்தது. "வாடா" என்று அவன் கையை நீட்டினால், அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனை அறுத்தது. வயிற்றுச் சிக்கல் இன்றில்லாவிட்டால் நாளைக்குத் தீரும், இது தீருமா என்று நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பதைவிடக் கேவலம் ஒரு அப்பனுக்கு வேறென்ன இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியின் வீட்டுச் சமையலறையில் வேலை. இரண்டாவது மாடி. சிங்க்குக்கு அடியில் வாளி வைத்திருந்தாள், அதில் சொட்டுச் சொட்டாகக் கலங்கல் தண்ணீர்.

"அடைப்பெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. தண்ணி போய்க்கிட்டுதான் இருக்கு. இந்த ஜாயிண்ட்டுல மட்டும் கசியுது. டேப்பைச் சுத்தி நல்லா இறுக்கி விட்டுடுங்க, போதும்" என்றாள் டீச்சர்.

பிளம்பருக்கு இது தினப்படிப் பாட்டு. மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கவ்வி, பார்த்துவிட்டு, டார்ச்சைக் கீழே வைத்து வளைவுக் குழாயைக் கழற்றிக்கொண்டே பாடத்தை ஆரம்பித்தான். டீச்சருக்கே பாடம் எடுப்பதில் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

"கசியுதுன்னா அடைப்பு இல்லைன்னு யாரு சொன்னது, டீச்சர்? அடைப்பு இருக்கிறதாலதான் கசியுது. உள்ள கெட்டியா ஒண்ணு நின்னுக்கிச்சு. மேலேருந்து வர்ற தண்ணி எங்க போகும்? கெடைச்ச சந்துல சுத்திக்கிட்டு வழியும். பாக்குறவங்களுக்கு என்னமோ தண்ணி அதிகமா போற மாதிரி தெரியும். உடனே கசியுற எடத்தைக் கட்டப் பாப்பாங்க. கட்டுனா என்ன ஆகும்? உள்ள நிக்கிறது இன்னும்..."



சிங்க்குக்கு அடியில் அசையாமல் கிடந்தான். ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை.

"என்னங்க, ஆச்சா?" என்றாள் டீச்சர்.

எழுந்த வேகத்தில் சிங்க்கில் தலை இடித்துக்கொண்டது. "டீச்சர், என்னை மாதிரி ஒரு மடையனை நீங்க உங்க சர்வீஸ்ல பாத்திருக்க மாட்டீங்க. என் பொண்ணுக்கு நான்... நாளைக்கு வர்றேன். தயவுசெஞ்சு தப்பா நெனைச்சுக்காதீங்க."

கழற்றிய வளைவுக் குழாய் தரையில், ஸ்பேனர் ஒன்று வாளிக்குள், பை அங்கேயே. இரண்டு மாடியும் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. வழியிலேயே மனைவிக்குப் போன் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வரச் சொன்னான்.

அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் எடை பார்க்கிற அறையும் ஊசி போடுகிற அறையும் ஒன்றுதான். அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி மேலாகப் பார்க்கிறவள். நெற்றியில் அழுக்கும் தலைமுடியில் தண்ணீருமாக உள்ளே வந்த ஆளை அவள் அப்படித்தான் பார்த்தாள்.

"சிஸ்டர், என் பொண்ணுக்குப் பேதி இல்லை. அடைப்பு. சுத்தி வழியுது, அவ்வளவுதான். நான் பேதின்னு நெனைச்சு மருந்தை நிறுத்திட்டேன்."

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒரு சிங்க்கு" என்றான் பிளம்பர்.

நர்ஸ் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டாள், எத்தனை நாள், எப்படிக் கறை, சாப்பாடு என்ன, பால் எவ்வளவு என்று. பதில் சொல்லச் சொல்ல அவன் குரல் தேய்ந்துகொண்டே போனது. மாத்திரை வைத்த கதையையும் ஒளிக்காமல் சொன்னான். அதற்குள் மனைவி சுண்டெலியோடு வந்துவிட்டாள். நர்ஸ் உடனே குழந்தையைத் தொடவில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "உன் வயிறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலையே, நீயே என் கையை எடுத்து வை" என்றாள். சுண்டெலி யோசித்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து வைத்தாள். பிளம்பர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

டாக்டரும் வந்து பார்த்து, அடைப்பேதான் என்று உறுதி செய்தார். முதல் சில நாள் பொடியைக் கூடுதலாகக் கொடுத்து எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும், பிறகு அளவைக் குறைத்துத் தினமும் தொடர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"இந்தத் தப்பை வாரத்துக்கு நாலு பேர் பண்ணுறாங்க, தம்பி" என்றாள் நர்ஸ், டாக்டர் போன பிறகு. "தானா கண்டுபிடிச்சு ஓடி வந்தது நீங்க ஒருத்தர்தான். நல்லவேளை வந்தீங்க. பயப்படாதீங்க, சரியாயிடும்."

திட்டு வாங்கத் தயாராக வந்தவனுக்கு அந்தச் சொல் வயிற்றில் பால் வார்த்தது. வார்த்த கையோடு அவள் சுண்டெலியின் பாலைக் குறைக்கச் சொன்னாள்.

"நாளைக்கு ரெண்டு டம்ளர் போதும். நாலஞ்சு டம்ளர் குடிச்சா வேற சாப்பாடு எங்க இறங்கும்? பழம் குடுங்க, காய் குடுங்க, அப்பப்போ தண்ணி குடுங்க. சாப்பிட்ட உடனே அஞ்சு நிமிஷம் உக்கார வைங்க, வந்தாலும் சரி, வராட்டியும் சரி. காலு அந்தரத்துல தொங்கக் கூடாது, கீழ ஒரு பலகை வேணும். அப்புறம் எதையாவது ஊதச் சொல்லுங்க, பலூன், சோப்பு நுரை, எதுவானாலும். ஊதுறப்போ வயிறு தானா அமுங்கும், அடியில தானா விட்டுக்கொடுக்கும். நல்லாயிடுச்சேன்னு நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க. குடல் விரிஞ்சு கெடக்கு, பழையபடி ஆக மாசக்கணக்காகும்."

மனைவி எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டாள். பிளம்பர் கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"சிஸ்டர், அவ என்கிட்ட வரமாட்டேங்குறா."

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க குழாயை எப்படிப் பிடிச்சாலும் அது மனசுல வச்சுக்காது, தம்பி. இவ வச்சுக்குவா. பயம் போகணும்னா ஒரே வழிதான். நீங்க அவளைப் பிடிக்காதீங்க, பக்கத்துல இருங்க. அவளா வருவா. எப்போன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

மறுநாள் காலையில் அவன் முதலில் டீச்சர் வீட்டுக்குத்தான் போனான். ஒரு நாள் முழுக்கப் பாத்திரத்தைக் குளியலறையில் கழுவியிருந்தாள் அந்த அம்மாள். வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கதவைத் திறந்ததும் அவள் கேட்டது, "குழந்தை எப்படி இருக்கா?" அதற்கு மேல் சிங்க்கைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வளைவுக்குள்ளிருந்து கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு டீஸ்பூனும் வந்தன. டீஸ்பூனைக் கழுவி அவள் கையில் கொடுத்தபோது பிளம்பருக்கு அந்தச் சிங்க்கையே கும்பிட வேண்டும் போல் இருந்தது.

பொடி மூன்றாம் நாள் வேலையைக் காட்டியது. காட்டியது என்றால் சாதாரணமாக இல்லை. மனைவி குழந்தையோடு நின்றாள், பிளம்பருக்குத் துவைக்கிற வேலை. அவனை அந்தப் பக்கம் விட்டதே அதற்கு மட்டும்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு துவைக்க வேண்டிய துணியை அவன் சந்தோஷமாகத் துவைத்தான். "இதுக்குப் போய் இப்படிப் பல்லைக் காட்டுற ஆளை நான் பாத்ததில்லை" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சாயங்காலம் சுண்டெலி தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் தின்றாள். அதைப் பார்த்து அவர்கள் இரண்டு பேரும் தின்ன மறந்தார்கள்.

ஆனால் வயிறு இளகியதே தவிர, தீர்மானம் இளகவில்லை. வலிக்காது என்று அவளுக்கு யார் சொல்வது. முடுக்கியதும் கதவுக்குப் பின்னால்தான் போனாள். அம்மா மெதுவாகப் பேசி, கூட்டிப் போய் உட்கார வைத்தால், அரை மணி கழித்து ஏதோ வரும்.

பிளம்பர் தன்னால் ஆனதைச் செய்தான். கைவசம் இருந்த குழாய்த் துண்டுகளை வெட்டிப் பொருத்தி, மேலே பலகை வைத்து, குளியலறை டாய்லெட்டில் அவள் உட்காரும்போது கால் வைக்க ஒரு படி செய்தான். ஆனை ஏறி நின்றாலும் ஆடாது. விரல் மொத்தத்தில் புதுக் குழாய் ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்து, தன் உதட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, சோப்பு நுரை ஊதக் கொடுத்தான். நேராகக் கொடுக்கவில்லை, படியின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். அவள் எடுத்துக்கொண்டாள். அம்மாவும் பெண்ணும் குளியலறைக்குள் இருக்கும்போது அவன் நடையில் கருவிப் பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பான். உள்ளேயிருந்து நுரை ஊதுகிற சத்தம் கேட்கும். குழாயில் காதை வைத்தே ஊரெல்லாம் பேர் வாங்கியவன், ஒரு சாண் குழாயின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்படி மூன்று வாரம் போனது. அவள் இப்போது அவனைக் கண்டால் ஒளிவதில்லை. ஆனால் தொடவிடுவதும் இல்லை.

ஒருநாள் மனைவி கம்பெனியிலிருந்து கூப்பிட்டாள். அவசர ஆர்டர், இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தைத்தே ஆக வேண்டும். "காப்பகத்துல நீங்க போய்க் கூட்டிக்கோங்க. அழுதா என்னைக் கூப்பிடுங்க."

காப்பகத்து வாசலில் சுண்டெலி அவனையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் கையை நீட்டவில்லை. கருவிப் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான். நாலடி போனதும் பையின் வார் லேசாக இழுபட்டது. திரும்பிப் பார்க்காமலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, தொங்குகிற நுனியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று. வீடு வரைக்கும் அவன் தோளை அசைக்கவே இல்லை.

சோறு ஊட்டவிடவில்லை, தானே தின்றாள். தின்று முடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆள் காணோம். கதவுக்குப் பின்னால் இரண்டு குதிகால்கள் எக்கி நிற்பது கீழிடுக்கில் தெரிந்தது.

பிளம்பரின் கை பரபரத்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு, கதவுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தான். டம்ளரில் சோப்புத் தண்ணீரைக் கலக்கி, அந்த ஒரு சாண் குழாயை எடுத்து ஊதினான். நுரை ஒன்று பெரிதாகக் கிளம்பிக் கதவில் மோதி உடைந்தது. இன்னொன்று கதவைச் சுற்றிக்கொண்டு போனது.

"அது என்னோடது" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா. உன்னோடதுதான்." தரையில் உருட்டிவிட்டான்.

பிறகு முகம் எட்டிப் பார்த்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"அப்பா பிடிக்கக் கூடாது."

"பிடிக்க மாட்டேன்."

"அம்மா எங்க?"

"வேலையில இருக்காங்க. வர நேரமாகும், கண்ணு."

வயிறு மறுபடி முடுக்கியது போல. முகம் சுருங்கியது. கால்களைப் பின்னிக்கொண்டாள். பிளம்பர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், நீண்ட யோசனைக்குப் பிறகு குளியலறைப் பக்கம் நடந்தாள். வாசலில் நின்று திரும்பி, "நீ வா" என்றாள்.

அவன் போனான். அவளே ஜட்டியைக் கழற்றினாள், அவளே படியில் ஏறினாள், திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் பலகையில் படிந்தன. பிறகு சட்டம் போட்டாள்.

"கை மேல உக்காரு."

காப்பகத்தில் அடுத்த பிள்ளையின் பொம்மையைப் பிடுங்குகிறவர்களுக்கு அதுதான் தண்டனை, தன் கையின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிளம்பர் ஈரத் தரையில் சம்மணம் போட்டு, உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிபார்த்தாள். திருப்தி ஏற்பட்ட பிறகுதான் குழாயை வாயில் வைத்தாள்.

ஊதினாள். நுரை வந்தது. இன்னொரு முறை ஊதினாள். அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவியாகத்தான் இருக்கும்.

"எடுக்காத."

"எடுக்கல."

அது அடித்து ஓய்ந்தது. அவன் மூக்கின் மேல் ஒரு நுரை வந்து உட்கார்ந்து உடைந்தது. சுண்டெலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்த்து வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்து நீளமாக ஊதினாள். ஊதும்போதே அவள் கண் அகலமாக விரிந்தது. கீழே தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம்.

அவள் ஊதுவதை நிறுத்தினாள். அழப்போகிறாள் என்று அவன் பயந்தான். அவளோ எதையோ எதிர்பார்த்து, அது வராமல் போனவள் போல முகத்தை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வலிக்கல" என்றாள்.

"வலிக்கலையா?"

"வலிக்கல, அப்பா."

பிளம்பருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க முடியவில்லை, கை சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கீழே கிடந்தது. மனதுக்குள் அந்த நர்ஸுக்கும், அந்த டீச்சருக்கும், சொட்டிக்கொண்டிருந்த அந்தச் சிங்க்குக்கும் நன்றி சொன்னான். மூன்று வாரம் தன் மேல் ஒரு பழியும் போடாமல் பொடி கலக்கிய மனைவிக்குச் சொன்னான். எல்லோருக்கும் சொல்லிவிட்டு, "தேங்க்ஸ்டா" என்று மகளிடமும் சொன்னான்.

"எதுக்கு?" என்றாள் அவள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குழாயைப் பலகையின் மேல் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் அவன் பக்கம் உயர்த்தினாள்.

"கை எடு, அப்பா. கழுவி விடு."

தொடைக்கு அடியிலிருந்து கைகளை உருவினான். இரண்டும் மரத்துப்போய், யாருடைய கைகளோ போல இருந்தன. அவள் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. அந்த மரத்த கைகளால் அவளைத் தூக்கினான்.